ஒப்படைத்த கட்டுரைகள் மட்டும் காணோம்

நாங்கள் இருப்பது அமெரிக்காவில். மகள் இந்த வருடம் மூன்றாம் வகுப்பை முழுக்க ஆன்லைனில் படித்தாள். ஜூனில் பள்ளி லேப்டாப்பைத் திருப்பித் தர வேண்டும், பள்ளி கொடுத்த கூகுள் கணக்கையும் மூடிவிடுவார்கள். அதற்குள் எல்லாவற்றையும், கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் இறக்கினேன். பாதிக் கட்டுரைகள் இல்லை!

மறுபடி இறக்கினேன், அதே கதை. என் ஜிமெயிலுக்குப் பகிரப் பார்த்தால், வெளி முகவரிக்கு அனுமதி இல்லை என்றது. இப்படியே மூன்று நாள் போயிற்று.

அப்புறம்தான் கோப்புகள் இருக்கும் கூகுள் டிரைவில் 'உரிமையாளர்' என்ற நெடுவரிசையைக் கவனித்தேன். விடுபட்ட கோப்புகள் எல்லாவற்றிலும் டீச்சர் பெயர். வீட்டுப்பாடம் கொடுத்து வாங்கும் கூகுள் கிளாஸ்ரூமில் பிள்ளை ஒரு பாடத்தை ஒப்படைத்ததும் கோப்பின் உரிமை ஆசிரியருக்குப் போய்விடுகிறது. அவர் 'ரிட்டர்ன்' கொடுத்தால்தான் திரும்பி வரும். மதிப்பெண் போட்டிருந்தாலும் இதை அமுக்க மறந்திருக்கலாம். டேக்அவுட்டோ நமக்கு உரிமையுள்ளதை மட்டுமே எடுக்கிறது.

டீச்சருக்கு இரண்டு வரி மெயில் போட்டேன். மாலைக்குள் ரிட்டர்ன் செய்துவிட்டார். அன்றிரவே திரும்ப இறக்கியதில் வண்ணத்துப்பூச்சிக் கட்டுரை உட்பட எல்லாம் வந்துவிட்டன. அப்பாடா! ஒப்படைத்ததைப் பிள்ளையே திரும்ப எடுக்கும் 'அன்சப்மிட்' அழுத்தியும் உரிமையைத் திரும்பப் பெறலாம். ஆனால் கெடு தாண்டியதை மறுபடி ஒப்படைத்தால் தாமதம் என்று காட்டும்.