4 டெராபைட்டில் பாதி எங்கே போனது?

பழைய 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை லினக்ஸில் டிடி கட்டளை கொடுத்து, ராத்திரி முழுக்கப் பூஜ்ஜியமாக எழுதி அழித்தேன். காலையில் புதிதாகப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பயன்படுத்தப் பிரிக்கும் பகுதி) போட்டால் 2 டெராபைட்தான் வருகிறது. டிஸ்க்கைக் கெடுத்துவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கியது.

டிஸ்க்குகளையும் அவற்றின் அளவையும் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டினேன். டிஸ்க்கின் வரியில் 3.6 டெராபைட், அதன் கீழே பார்ட்டிஷன் வரியில் 2. சரி, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு என்னுடையது. எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணையைப் பழைய எம்பிஆர் வகையில் போட்டிருந்தேன். அது செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு) எண்ணை 32 பிட்டில் எழுதுவது. செக்டருக்கு 512 பைட் என்றால் 2 டெராபைட்டுக்குச் சற்று மேலே அதற்கு எண்ணவே தெரியாது. டிஸ்க்தான் காலியாயிற்றே, பார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியில் புதிய வகையான ஜிபிடி அட்டவணை போட்டு, லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஃபார்மட் செய்தேன். முழு இடமும் வந்தது. (அந்த 3.6 குறைபாடு அல்ல. டிஸ்க் விற்பவர் கணக்கில் ஒரு கிலோபைட் 1000 பைட், எல்எஸ்பிஎல்கே கணக்கில் 1024; டெராபைட் வரை அப்படித்தான்.)

அப்புறமும் டிஎஃப் கட்டளை காட்டிய காலி இடத்தில் 180 ஜிபிக்கு மேல் துண்டு விழுந்தது. ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (லினக்ஸின் நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கிவைக்கும். வெறும் போட்டோ போட்டுவைக்கும் டிஸ்க்குக்கு அது எதற்கு? டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு அந்த ஒதுக்கீட்டை 0 ஆக்கிவிட்டேன். லினக்ஸ் நிறுவியிருக்கும் டிஸ்க்கில் மட்டும் கைவைக்கவில்லை.