ஓய்வுபெற்ற படைவீரரின் மனநலம்: வீட்டார் செய்யவேண்டியவை

கெட்ட கனவில் அலறுபவரைத் தொட்டு உலுக்காதீர்கள். அரைத்தூக்கத்தில் கை ஓங்கிவிடுவார். கால்மாட்டில் தள்ளி நின்று, விளக்கைப் போட்டு, கூப்பிட்டு எழுப்புங்கள். கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, ஆட்களைத் தவிர்ப்பது, எரிச்சல் எல்லாம் சேர்ந்து ஒரு மாதம் தாண்டினால் பி.டி.எஸ்.டி.யாக, அதாவது போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பாக இருக்கலாம். ‘மிலிட்டரிக்காரர் குணமே அப்படித்தான்’ என்று விட்டுத்தான் பலருக்கு வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் முதலில் அத்திட்டத்தின் மருத்துவ நிலையமான பாலிகிளினிக். பொதுவாக அங்கே மருத்துவ அதிகாரி பரிந்துரைத்த பிறகே ராணுவ மருத்துவமனையோ, பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனையோ. அவசரம் என்றால் நேராகப் போகலாம். இரண்டு வாரத் தூக்கக் குறிப்பும் பழைய மருந்துச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.

குடி அளவை மறைக்காதீர்கள். தினமும் கேன்டீன் ரம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும்.

பி.டி.எஸ்.டி.க்குத் தரும் மாத்திரை பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரமாகும். பத்தாவது நாளே ‘வேலை செய்யவில்லை’ என்று தூக்கிப்போடுவதும், தேறியதும் தானாக நிறுத்துவதும் வழக்கமான தவறுகள். பேச்சு சிகிச்சையும் கேட்டு வாங்குங்கள்.

செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் சாவைப் பற்றிப் பேசினால், ‘தற்கொலை எண்ணம் வருகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வளராது. துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள், பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள். தனியே விடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம்.