ஜப்பான் வாடகை வீட்டில் கம்ப்யூட்டருக்கு எர்த் கொடுப்பது

டோக்கியோவின் நிஷிகசாயில் குடியேறிய முதல் வாரம். சார்ஜில் கிடந்த லேப்டாப் மூடி மேல் புறங்கையை இழுத்தால் உப்புத்தாளைத் தடவினாற்போல் ஜிர்ரென்றது. சார்ஜரைப் பிடுங்கினால் வெறும் வழவழப்பு.

இங்கே சுவர் பிளக் பாயிண்டில் பெரும்பாலும் இரண்டு தட்டைத் துளைகள்தான். எர்த்துக்கு இடமே இல்லை. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர் என்ற சின்ன பாகத்தின் வழியாகத் துளி மின்சாரம் உலோக உடம்புக்குக் கசியும். நல்ல சார்ஜரென்றால் அந்த ஜிர்ர் ஆபத்தில்லை. டெஸ்க்டாப்பில்தான் கவனம் வேண்டும். உள்ளே இன்சுலேஷன் போனால் கேபினெட்டில் முழு 100 வோல்ட்டும் ஏறிவிடும். எர்த் கொடுத்திருந்தால் கசிந்ததுமே கசிவு பிரேக்கர் (மின்கசிவு தெரிந்ததும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். இல்லையென்றால் நீங்கள் தொட்டபிறகுதான்.

வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், ஏசி வைக்கும் இடங்களில் உள்ள பிளக் பாயிண்டைப் பாருங்கள். அடியில் ஒரு குட்டி மூடி. நகத்தால் நெம்பினால் உள்ளே ஒரு திருகு. அதுதான் எர்த், இவர்கள் வாயில் 'ஆஸு'. அதற்காகவே நான் மேசையைச் சமையலறைச் சுவரோரம் நகர்த்தினேன். மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மூணு பின்னை இரண்டாக்கும் அடாப்டரில் ஒரு பச்சை வால் தொங்கும். பலர் அதைச் சுருட்டி டேப் ஒட்டிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகைத் தளர்த்தி, பச்சை ஒயரின் செம்பு நுனியைத் திருகு இறுகும் திசையிலேயே சுற்றி முடுக்குங்கள். இழுத்தால் வரக்கூடாது. பிறகுதான் பிளக்கைச் செருக வேண்டும். கழற்றும்போது பிளக் முதலில், எர்த் கடைசியில். கட்டாமல் தொங்கவிட்டால் அந்த நுனி பிளக் துளைக்குள் போய்விடலாம், ஜாக்கிரதை.

கேஸ் குழாயில் ஒருபோதும் கட்டாதீர்கள், வெடிக்கலாம். தண்ணீர்க் குழாயும் வேண்டாம், நடுவில் எங்காவது பிளாஸ்டிக் இருக்கும்.

எர்த் திருகே இல்லாத வீடா? வீட்டு ஏஜென்ட்டிடம் கேளுங்கள். சுவரைத் திறக்கிற வேலையெல்லாம் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனுடையது. ஊரில் ஃபேன் ரெகுலேட்டர் மாற்றிய தைரியத்தை இங்கே காட்ட வேண்டாம்.

வாசல் பக்கம் பிரேக்கர் பெட்டியில் கசிவு பிரேக்கருக்கு ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அழுத்தினால் கரண்ட் போக வேண்டும்; போகாவிட்டால் ஏஜென்ட்டுக்கு உடனே போன் போடுங்கள். அழுத்துமுன் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிடுங்கள். நான் செய்யவில்லை, குக்கரில் சோறும் அரைவேக்காட்டில் நின்றது.