மலைப்பாதைக்கு வழிகாட்டி நூல் வாங்குமுன்

திருகோணமலை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்களுக்கு நாட்கணக்கில் நடப்பது புதிதல்ல. ஆனால் அந்தப் பாதையில் ஏற்றம் குறைவு. முன்னே செல்லும் அடியார்களின் பின்னால் நடந்தாலே போதும். கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், அப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் என்ற தேயிலைமலை நடைபாதை வேறு வகையானது. 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அத்தகைய பாதைக்கு நூல் தெரிவு செய்யும்போது அவசரப்படக் கூடாது.

கடையில் நூலை எடுத்ததும் படங்களை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு கட்டத்தை விரித்து, தூரத்தோடு மொத்த ஏற்றமும் இறக்கமும் மீற்றரில் தரப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கடல்மட்டத்தில் நடந்து பழகிய கால்களுக்கு 12 கிலோமீற்றர் என்ற எண் மட்டும் எதையும் உணர்த்தாது. ஸ்கொட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892 இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். இதன்படி 600 மீற்றர் ஏற்றமுள்ள 12 கிலோமீற்றருக்கு, ஓய்வு நேரம் சேராமல், ஏறக்குறைய மூன்றரை மணித்தியாலம் ஆகும். நூல் இரண்டரை என்று சொன்னால் அந்த நூலைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அடுத்தது மழை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை வடக்கு, கிழக்கில் வாழும் நமக்கு வெயில் காலம். அதே காற்றுத்தான் ஹட்டன் பக்கச் சரிவுகளில் மழையாகக் கொட்டி, அட்டைகளையும் கிளப்பிவிடுகிறது. மலைக்கு அப்பால், அப்புத்தளையும் எல்லவும் இருக்கும் ஊவாப் பக்கத்தில் அம்மாதங்கள் பெரும்பாலும் வறண்டிருக்கும். ஆகவே பருவத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சொல்லும் நூலே நம்பத்தக்கது.

வழி அடையாளங்களையும் வாசித்துப் பாருங்கள். “பெரிய மரத்தடியில் இடப்பக்கம் திரும்புக” என்ற வரியை நம்பி நான் ஒருமுறை தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெட்டப்பட்ட அடிமரத்தின் முன் நின்றிருக்கிறேன். கோயில், பாலம், தொழிற்சாலை, தோட்டப் பிரிவின் பெயர் ஆகியவை மரத்தைப் போல எளிதில் மறைவதில்லை. பல தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயரோடு தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயரும் உண்டு. கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் வழி கேட்கையில் தமிழ்ப் பெயரே உதவும் என்பதால், இரண்டையும் தரும் நூல் கிடைத்தால் விலையைப் பாராமல் வாங்கலாம்; தராவிட்டால் ஓரத்தில் நீங்களே எழுதிக்கொள்ள இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

பதிப்பாண்டையும் கவனியுங்கள், மண்சரிவு பாதையை மாற்றிவிடும். நடுவழியில் இறங்கிப் பேருந்துப் பாதையை அடையும் கிளைவழிகள் குறிக்கப்பட்டிருப்பதும் அவசியம். நூல் கனமானால் அன்றைய கட்டத்தின் பக்கங்களை மட்டும் பிரதி எடுத்து, பொலித்தீன் உறையில் இட்டுச் சட்டைப்பையில் வையுங்கள்.