ஐட்லிங்கில் உதறும் பெட்ரோல் கார்: பழுதைப் பிடிக்கும் வரிசை

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. உடனே பிளக் மாற்றுவார்கள், கேட்காவிட்டால் இன்ஜெக்டர் கிளீனிங், அதற்கும் கேட்காவிட்டால் பம்ப். இப்படி வரிசையாகப் பாகம் மாற்றுவது வைத்தியமே அல்ல. ஸ்பார்க், பெட்ரோல், காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏற்படும் அழுத்தம்) என்ற நான்கில் எது கெட்டது என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். கீழே உள்ளவை எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக் வாயிலிலும் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டிகளுக்கு. சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பிரஷர் பல மடங்கு அதிகம். அந்த லைனை வீட்டில் கழற்றாதீர்கள்.

முதலில், அது மிஸ்ஃபயர்தானா, அதாவது ஏதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடான பின் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) விட்டு, சைலன்சர் வாயருகே ஒரு துண்டு காகிதத்தைப் பிடியுங்கள். புகை சீராகத் தள்ளினால் காகிதம் ஒரே மாதிரி படபடக்கும். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் இடையிடையே துவளும், சில நேரம் உள்நோக்கிக்கூட இழுக்கும். காகிதம் சீராக இருந்தும் வண்டி மட்டும் நடுங்கினால், இன்ஜின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும்.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடைப் (பழுதுக் குறியீட்டை) படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் போதும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது. எண்ணிக்கை பெரும்பாலும் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கும். பி0302 வந்தால் இரண்டாவது காயிலை (பிளக்குக்கு ஸ்பார்க் வோல்டேஜ் தரும் பாகம்) ஒன்றாவதற்கு மாற்றிப் போட்டு, எரர் கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். எரர் கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தால் 'டிக் டிக்' கேட்க வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாவிட்டால் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளங்கள்: பெரும்பாலான இன்ஜெக்டர்கள் 12 முதல் 16 ஓம் காட்டும். ஓம் சரியாக இருந்தால், இக்னிஷன் ஆனில் கனெக்டரின் ஒரு பின்னில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, வயரிங்.

சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இலவசமாக ஒரு சோதனை கையில் இருக்கிறது. கேஸில் சீராக ஓடி, பெட்ரோலில் மட்டும் உதறினால் பழுது பெட்ரோல் பம்பிலோ இன்ஜெக்டரிலோதான். கேஸில்தான் அதிகம் உதறுகிறது என்றால் பிளக், காயில், வால்வு கிளியரன்ஸ் மூன்றையும் பாருங்கள். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும். தளர்ந்த காயில் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

குறிப்பிட்ட சிலிண்டர் என்று காட்டாமல் பி0300 (பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர்) அல்லது பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை) வந்தால்தான் வேலை நுட்பமாகிறது. ஸ்கேனரில் ஃப்யூவல் டிரிம் என்று இரண்டு எண்கள் உண்டு, ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம். இரண்டையும் கூட்டுங்கள். பிளஸ் என்றால் பெட்ரோல் போதாமல் இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கூட்டிக் கொடுக்கிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. இரு பக்கமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐட்லிங்கில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் ஒருமுறை, மேடேறும்போது ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள் (ஓட்டுவது ஒருவர், எண்ணைப் பார்ப்பது இன்னொருவர்). ஐட்லிங்கில் பிளஸ் 20 இருந்து, ஆர்பிஎம் ஏற ஏறக் குறைந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ஐட்லிங்கில் சரியாக இருந்து, லோடு ஏறும்போது பிளஸ் கூடினால் பெட்ரோல் வந்து சேரவில்லை: பம்ப், ஃபில்டர், அல்லது பம்புக்குப் போகும் கரண்ட்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நம் சிறிய கார்கள் பலவற்றில் காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சர் இல்லை, மேனிஃபோல்டு பிரஷரைப் பார்க்கும் மேப் சென்சர்தான். அதில் காற்றுக் கசிவு இருந்தால் மேப் அளவும் சேர்ந்தே உயரும், இசியு அதற்கேற்பப் பெட்ரோல் கூட்டும். டிரிம் பெரிதாக மாறாமல் ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கும். ஆகவே மேப் எண்ணையும் பாருங்கள்: ஏசி அணைத்த ஐட்லிங்கில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் வழக்கம். 50 என்று நின்றால் பிசிவி ஓஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஓஸ், இன்டேக் கேஸ்கெட் என்று தேடுங்கள். பூஸ்டர் ஓஸை இடுக்கியால் மெல்ல அழுத்தும்போது உதறல் மாறினால் கசிவு அந்தப் பக்கம். டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வையும் மறக்காதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கேனிஸ்டர் பக்க ஓஸைக் கழற்றி விரலை வைத்தால் உறிஞ்சக்கூடாது. உறிஞ்சினால் வால்வு மூடவில்லை. டேங்க் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டிகளில் இது அடிக்கடி உண்டு.

ஈ20 பெட்ரோலையும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கணக்கில் வைக்க வேண்டும். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், ஈ20க்குச் சுமார் 13.5தான். பழைய வண்டியில் பிளஸ் 8 வரை இதனாலேயே வரும். இல்லாத கசிவைத் துரத்தாதீர்கள். ஆனால் ஓஸையும் ஓ-ரிங்கையும் தொட்டுப் பாருங்கள். ரப்பர் உப்பி இருந்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். பெட்ரோல் போட்ட அன்றே தொல்லை தொடங்கியிருந்தால், லைனிலிருந்து அரை லிட்டரை நிறமற்ற கண்ணாடி பாட்டிலில் பிடித்து, மூடி, நெருப்பு அண்டாத இடத்தில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகக் கோடு தெரிந்தால், தண்ணீர் எத்தனாலை இழுத்துக்கொண்டு பிரிந்துவிட்டது. டேங்கை முழுக்க இறக்குவதைத் தவிர வழியில்லை, மேலே நல்ல பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது.

பெட்ரோல் பிரஷருக்கு கேஜ் வேண்டும். பல வண்டிகளில் தனி டெஸ்ட் போர்ட் கிடையாது, டி-அடாப்டர் (லைனின் நடுவே கேஜைச் செருகும் மூன்று வாய் இணைப்பு) போட வேண்டும். லைனைக் கழற்றும் முன் பம்ப் ரிலேவைப் பிடுங்கி, இன்ஜினை ஓடவிட்டு அது தானாக நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றி, ஜாயின்ட்டில் துணி சுற்றித் திறங்கள். சூடான இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. கேஜைப் பொருத்தியதும் ரிலே, பேட்டரி இரண்டையும் திரும்ப மாட்டி அளங்கள். பெரும்பாலான வண்டிகளில் 3 பார் ஒட்டி வரும்; சரியான எண் மேனுவலில். குறைந்தால் பம்பை வாங்கும் முன் பம்ப் கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பழுது ரிலேயில், அல்லது துருப்பிடித்த எர்த்தில்.

காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால், சாவியை மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் இரவில் பிரஷர் இறங்குகிறது: பம்பின் செக் வால்வு (பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுப்பது) அல்லது சொட்டும் இன்ஜெக்டர்.

மூடும்போது இன்ஜெக்டர் ஓ-ரிங் புதிதாக இருக்கட்டும், ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவிச் செருகுங்கள். பிளக்கைக் கையால் முழுக்கச் சுற்றி, வாஷர் தொட்ட பின் அரைச் சுற்று. பழைய பிளக் என்றால் அதில் கால்பங்கு. ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை இரண்டு முறை ஆனில் வைத்து, இன்ஜெக்டர்கள் பொருந்தியிருக்கும் ரெயில் நெடுக விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எரர் கோடை அழித்து 50 கிலோமீட்டர் ஓட்டியபின், அதே மூன்று நிலைகளில் டிரிமைத் திரும்பக் குறித்து, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள்.