ஃபெராரி 308-ஐ விற்கும் முன்

ஆசையாக வைத்திருந்த பழைய ஃபெராரி 308 காரை விற்கப் போகிறீர்களா? பளபளப்புக்காகப் புது பெயின்ட் அடித்துவிடாதீர்கள். விவரம் அறிந்தவர்கள் பழைய அசல் பெயின்ட்டுக்குத்தான் மதிப்பு தருவார்கள். புதுப் பூச்சைக் கண்டால் அடியில் துருவைத் தேடுவார்கள்.

முதலில் தேட வேண்டியது ரசீதுகளை. குறிப்பாக டைமிங் பெல்ட் (எஞ்சினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பட்டை) மாற்றிய ரசீது. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும் என்பதால், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றியாக வேண்டும். ரசீது இல்லையென்றால் அந்தச் செலவு அப்படியே விலையில் கழியும். சேஸி, எஞ்சின் எண்களைப் படம் எடுத்து வையுங்கள். அசல் டூல் கிட், கையேடு இருந்தால் இன்னும் நல்லது. 1975 முதல் 1977 வரை வந்த ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட ஜிடிபி (GTB) மாடல் உங்களுடையது என்றால் அவசரப்பட்டு விலை சொல்லாதீர்கள். பின்னால் வந்த எஃகு உடல் வண்டிகளைவிட அதற்குக் கிராக்கி அதிகம்.

வாங்க வருபவர் முன்னால் குளிர்ந்த எஞ்சினையே இயக்கிக் காட்டுங்கள். ஆயில் சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். இந்த வண்டியின் பிறவிக் குணம் அது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.