டிராப் செக்கரின் பச்சையை நம்பி மீனைப் பறிகொடுக்காதீர்கள்

போன வாரம் மேலப்பாளையத்தில் ஒரு தம்பியின் செடித்தொட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டடித் தொட்டி, செடியெல்லாம் அருமையாக வைத்திருந்தான். செடி வளரச் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கேஸ் விட்டிருந்தான். தண்ணீரில் அந்த வாயு எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் என்ற கண்ணாடிக் குமிழும் உள்ளே தொங்கியது. ஆனால் மீன்கள் அத்தனையும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "டிராப் செக்கர் பச்சையாத்தான இருக்கு அண்ணாச்சி, பொறவு ஏன் மீனு மேல வருது?" என்றான். முதலில் கேஸை மூடி, ஏர் பம்ப்பைப் போடச் சொன்னேன். அப்புறம் அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் என்ன ஊற்றினாய் என்று கேட்டேன். "இதே தொட்டித் தண்ணிதான்" என்றான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் ஊற்றினேன். வால்வை ஒரேயடியாகத் திறப்பது, விளக்கை நாள் முழுக்க எரியவிடுவது எல்லாம் தப்பு என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத தப்புகளை மட்டும் எழுதுகிறேன்.

டிராப் செக்கரில் தொட்டித் தண்ணீர்

டிராப் செக்கருக்குள் இருக்கும் திரவமும் தொட்டித் தண்ணீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நடுவில் ஒரு காற்றிடைவெளி இருக்கிறது. அதன் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு மட்டும் உள்ளே போய்த் திரவத்தின் பிஹெச்சை, அதாவது அமில-கார அளவை, குறைக்கிறது. நிறம் காட்டுவது அந்த பிஹெச்சைத்தான். பச்சை என்றால் 6.6-ஐ ஒட்டி. அது எத்தனை பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வாயு என்பதைத் தீர்மானிப்பது திரவத்தின் கேஹெச், அதாவது கார்பனேட் கடினத்தன்மை.

திரவம் 4 கேஹெச் என்றால் பச்சைக்கு 30 பிபிஎம். செடிக்குப் போதும், மீனும் தாங்கும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீரின் கேஹெச்சைச் சொட்டு மருந்து கிட்டில் அளந்தால் 12 வந்தது. அதே தண்ணீரைக் குமிழுக்குள் ஊற்றினால் அதே பச்சைக்கு 90 பிபிஎம். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள், பச்சைக்கு 15 பிபிஎம்தான். அங்கே மீன் சாகாது, ஆனால் செடி வளராமல் பாசி பிடிக்கும்.

எனக்கு இது புரிந்தது ஓர் ஆனித் தேரோட்டத்தன்று. வீடு நிறைய உறவுக்காரர்கள். காலையில் திரவம் நீலமாக, அதாவது வாயு குறைவு என்று காட்டியதால், பச்சை வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வால்வைத் திறந்துவிட்டு டவுனுக்குக் கிளம்பினேன். தேர் பார்த்துவிட்டுத் திரும்பினால் பதினான்கு ரம்மி நோஸ் டெட்ராவில் பதினொன்று செத்துக் கிடந்தன. மூக்கில் இருக்கும் அந்தச் சிவப்பு முழுக்க வெளுத்துப் போயிருந்தது. தண்ணீரில் வாயு அந்த அளவு ஏறினால் மீனின் ரத்தத்தில் இருப்பது செவுள் வழியாக வெளியேற முடியாது. குமிழ் மட்டும் நல்ல பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மிஞ்சிய மூன்றையும் வாளிக்கு மாற்றினேன். வால்வைத் தொடாமல், மறுநாள் சரியான திரவத்தை ஊற்றி வைத்தேன். இரண்டே மணி நேரத்தில் பளிச்சென்று மஞ்சள், அதாவது வாயு மிக அதிகம்.

சரி, அந்தத் திரவத்தை வீட்டிலேயே செய்யலாம். 1.2 கிராம் சமையல் சோடாவை 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் 40 கேஹெச். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 4. கேன் தண்ணீர் வேண்டாம், அதிலும் கொஞ்சம் கேஹெச் இருக்கும். சமையல் தராசில் 1.2 கிராம் நிற்காது. தெரிந்த நகைக்கடையில் கொடுத்து எடை போட்டு வாங்குங்கள். அப்புறம் மூன்று நான்கு சொட்டு ப்ரோமோதைமால் ப்ளூ என்ற நிற மருந்து. கடையில் பாட்டில் வாங்குவதானால் '4 டிகேஹெச்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் நிற மருந்தை மட்டும் கையில் கொடுத்து, தொட்டித் தண்ணீரில் கலந்துகொள்ளச் சொல்லும் கடைக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இன்னொன்று, நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். வால்வைத் திருகிய பத்தாவது நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி திருகாதீர்கள்.

அடுத்தவர் தொட்டியின் குமிழிக் கணக்கு

வினாடிக்கு இத்தனை குமிழி என்று அடுத்தவர் விடும் கேஸ் அளவு உங்கள் தொட்டிக்கு ஆகாது.

கரண்ட் போனால் டைமரும் நிற்கும்

கேஸைத் திறந்து மூட வைத்திருக்கும் முள் சுற்றும் டைமர் கரண்ட் இல்லாதபோது நின்றுவிடும். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 மணி வரை மின்தடை என்றால் டைமர் ஐந்து மணி நேரம் பின்தங்கும். மாலை 5-க்கு மூட வேண்டிய கேஸ் இரவு 10-க்குத்தான் மூடும். விளக்கணைந்த பிறகு செடிக்கு வாயு தேவையில்லை, செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனைத்தான் எடுக்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் கேஸ் திறக்கட்டும், விளக்கணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடட்டும்.

சிலிண்டரைப் படுக்க வைப்பது

உள்ளே திரவமாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும். நிமிர்த்தி, கட்டி வையுங்கள்.

சித்திரையில் சர்க்கரை ஈஸ்ட் பாட்டில்

சிலிண்டருக்குப் பதிலாகச் சிலர் பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு வாயு எடுப்பார்கள். வெயில் ஏற ஏற ஈஸ்ட் வேகமாக நொதிக்கும், இரவிலும் நிறுத்த முடியாது. தண்ணீர் 32 டிகிரிக்குப் போனால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. பங்குனி பிறந்ததும் பாட்டிலைக் கழற்றிவிடுங்கள், மழை வந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்.